‘ஒண்டும் நடக்கேல்ல’ என்று சொல்லும் பிள்ளையிடம் எப்படிக் கதை கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை நகரிலிருந்தும் அயல் ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்கள் பலவும் ஒரே கவலையைச் சொல்கின்றன: சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நடந்ததை வீட்டில் சொல்வதில்லை. சொன்னாலும் எதை நம்புவது, எதற்குப் பயப்படுவது என்று பெரியவர்களுக்குத் தெரியவில்லை. அவற்றில் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

*

மகன் இந்த வருடம்தான் தரம் 1க்குப் போகிறான். மத்தியானம் நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருகிறேன். ஏறியது முதல் வீடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வருவேன். ‘ஒண்டும் நடக்கேல்ல’, ‘மறந்திட்டன்’, இந்த இரண்டும்தான் பதில். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்புவிக்கிறாள். என் மகன் எதையாவது மறைக்கிறானா?

— வாசகி, உவர்மலை

நீங்கள் எழுதியிருப்பதில் மறைப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. உங்கள் கேள்விதான் அவனுக்குப் பெரிதாக இருக்கிறது. ‘இண்டைக்கு என்ன நடந்தது?’ என்று கேட்டால், அவன் காலை 7.30 மணியிலிருந்து நடந்ததையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும், அதில் அம்மாவுக்கு எது வேண்டும் என்று தெரிந்தெடுக்க வேண்டும், முன்பின் ஒழுங்குபடுத்த வேண்டும், பிறகு அதை வசனமாக்க வேண்டும். ஐந்து வயதில் இவ்வளவும் ஒன்றாக வராது. சின்னப் பிள்ளைகளின் நினைவை நீண்டகாலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கத்தரின் நெல்சன் கவனித்த விடயம் ஒன்று இங்கே உதவும். தினமும் நடக்கும் ஒன்றைப் பற்றிப் பொதுவாகக் கேட்டால், பிள்ளைகள் ‘வழக்கமாக என்ன நடக்கும்’ என்பதைத்தான் சொல்வார்கள்: படிப்போம், சாப்பிடுவோம், வருவோம். அன்றைக்கு மட்டும் நடந்ததைத் தனியே பிரித்தெடுக்க அவர்களுக்கு ஒரு பிடி வேண்டும். ஆகவே ‘ஒண்டும் நடக்கேல்ல’ என்பது உங்கள் மகனின் அளவில் நேர்மையான பதில்தான். வழமைக்கு மாறாக ஒன்றும் நடக்கவில்லை என்கிறான்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். ஓடும் மோட்டார் சைக்கிளில் காற்றும் ஹெல்மெட்டும் அவன் சொல்வதில் பாதியை விழுங்கிவிடும். இரண்டு தரம் ‘என்ன? கேக்கேல்ல’ என்று நீங்கள் சொன்னால் மூன்றாம் தரம் அவன் சொல்லமாட்டான். மத்தியான வெயில், பசி, காலை முழுவதும் அசையாமல் இருந்த களைப்பு எல்லாம் சேர்ந்த நேரம் அது. வாசலில் மற்ற அம்மாமார் நிற்கும்போது கேட்பதும் வேண்டாம். ஏற்றும்போது ‘வாங்கோ மகன், உங்களைக் கண்டது சந்தோசம்’ என்பதோடு நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் உடுப்பு மாற்றி, முகம் கழுவி, வயிறு நிறையட்டும். அதற்கு அரை மணித்தியாலமாவது விடுங்கள். அந்த அரை மணித்தியாலத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம்.

அந்த நேரத்தில் நீங்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அவனுடைய பையைத் திறந்து பாருங்கள். எந்தக் கொப்பியில் இன்றைக்கு எழுதியிருக்கிறான்? பென்சில் முனை உடைந்திருக்கிறதா? அழிரப்பர் அவனுடையதுதானா, வேறு பிள்ளையுடையதா? சாப்பாட்டுப் பெட்டியில் எது மிஞ்சியிருக்கிறது? சப்பாத்துக்குள் மணல் இருக்கிறதா? தண்ணீர்ப் போத்தலை முக்கியமாகப் பாருங்கள். போத்தல் நாளுக்கு நாள் நிறைந்தபடியே திரும்பி வந்து, பிள்ளையும் வீட்டுக்கு வந்தவுடன் மலசலகூடத்துக்கு ஓடினால், பள்ளிக்கூட மலசலகூடத்துக்குப் போகாமல் அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று சந்தேகிக்கலாம். கதவு பூட்டாது, நாற்றம், இருட்டு, டீச்சரிடம் கேட்க வெட்கம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிள்ளைகள் வாயால் சொல்லாத குறைகளில் இது முக்கியமானது. தண்ணீர் குடிக்காமல் அடக்கினால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரக்கூடும் என்பதால் வகுப்பாசிரியையிடம் உடனே கதையுங்கள்.

நேரசூசியைக் கேட்டு வாங்கிக் குசினிச் சுவரில் ஒட்டி வையுங்கள். இன்றைக்கு விளையாட்டுப் பாடம் இருந்ததா, சித்திரம் இருந்ததா என்று தெரிந்தால்தான் சின்னதாகக் கேட்க முடியும்.

இனிக் கதைக்கத் தொடங்கும் விதம். கேள்வியாகத் தொடங்காமல், கண்டதைச் சொல்லுங்கள். ‘சப்பாத்துக்குள்ள நிறைய மணல் இருந்தது.’ சொல்லிவிட்டு வெங்காயம் உரியுங்கள், உடுப்பு மடியுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இரண்டு விநாடி மௌனமே நீளமாகத் தெரியும். பிள்ளைக்கு அந்தப் பத்தும் வேண்டும். முகத்துக்கு முகம் இருந்து கேட்பதைவிட, இரண்டு பேருடைய கைகளும் ஏதோ வேலையில் இருக்கும்போது கதை சுலபமாக வரும்.

‘மணலில விழுந்தவன்.’

‘விழுந்தவனோ? ஆர்?’

‘எனக்குப் பக்கத்தில இருக்கிறவன்.’

‘பக்கத்தில இருக்கிறவன் மணலில விழுந்தவன்…’

இந்தக் கடைசி வரியைப் பாருங்கள். அம்மா புதிதாக எதையும் கேட்கவில்லை. பிள்ளை சொன்னதையே சேர்த்துத் திருப்பிச் சொல்லி, குரலை இழுத்து விட்டிருக்கிறா. இரத்தம் வந்ததும், டீச்சர் மருந்து போட்டதும் அதற்குப் பிறகுதான் வரும். ஆர், எங்கே, என்ன என்பவை ஐந்து வயதுக்கு இலகுவான கேள்விகள். ‘எப்ப?’ என்பது கடினம். நேற்று நடந்ததும் போன கிழமை நடந்ததும் அவனுக்கு இன்னும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கும். ‘ஏன்?’ என்பதை முடிந்தவரை தவிருங்கள். ‘ஏன் சாப்பிடேல்ல?’ என்பது பிள்ளையின் காதில் ஏச்சாகத்தான் விழும். ‘புட்டு மிஞ்சியிருக்கு, என்ன நடந்தது புட்டுக்கு?’ என்றால் அதே விடயத்தைப் பயமில்லாமல் சொல்வான்.

ஒரு நாளைக்கு இரண்டு கேள்விகள் போதும். அதற்கு முன் உங்களுடைய நாளில் நடந்த ஒன்றை மூன்று வசனத்தில் சொல்லுங்கள், அதில் சின்னச் சிக்கல் ஒன்றும் இருக்கட்டும்: ‘காலமை மீன் வாங்கப் போனன். காசுப்பையை வீட்டில விட்டிட்டன். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனன்.’ ஒரு நாளை எப்படிக் கதையாக்குவது என்று பிள்ளை பழகுவது இப்படித்தான்.

எங்கே பிழைக்கிறது என்றால், பெரும்பாலும் பிள்ளை சொன்ன பிறகுதான். அவன் ‘நான் பென்சிலத் துலைச்சிட்டன்’ என்கிறான். நீங்கள் ‘எத்தினை தரம் சொன்னனான் பத்திரமா வை எண்டு’ என்கிறீர்கள். அடுத்த நாளிலிருந்து பென்சில் தொலைந்தால் அவன் சொல்லமாட்டான், வேறெதையும் சொல்லவும் யோசிப்பான். அவன் அழுத கதையை அம்மம்மாவுக்குப் போனில் சொல்லிச் சிரிப்பதும் அப்படியே. அறிவுரை சொல்லத்தான் வேண்டுமென்றால் அடுத்த நாள் காலை பை கட்டும்போது சொல்லுங்கள். கதை கேட்கும் நேரத்தில் வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை இன்றோடு விடுங்கள். சில பிள்ளைகளுக்குக் கதைத்தால்தான் களைப்பு ஆறும். சில பிள்ளைகளுக்குச் சும்மா இருந்தால்தான் ஆறும்.

*

நாங்கள் அண்மையில்தான் வேறு மாவட்டத்திலிருந்து மாறி வந்தோம். மகளுக்கு நான்கரை வயது. நேர்சரிக்கு மான் வந்தது, சாப்பாட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டது, பிறகு கதிரையில் இருந்து படம் கீறியது என்கிறாள். பொய் சொல்லிப் பழகுகிறாளா?

— வாசகி, திருகோணமலை நகர்

மான் வந்ததும் தலையை விட்டதும் நடந்தே இருக்கலாம். கோட்டைப் பக்கமும் நகரத்துத் தெருக்களிலும் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பழகித் திரிவதை நீங்களும் இனிக் காண்பீர்கள். கதிரையில் இருந்தது அவள் சேர்த்தது. நாலு, ஐந்து வயதில் நடந்தது, நடந்திருந்தால் நல்லாயிருக்கும் என்று நினைத்தது, கனவில் கண்டது மூன்றும் ஒரே மூச்சில் வரும். ஏமாற்றும் நோக்கம் அதில் இல்லை. ‘பொய் சொல்லாத’ என்றால் மான் வந்த உண்மையையும் சேர்த்து விழுங்கிவிடுவாள்.

‘மான் வந்தது நடந்த கதை. படம் கீறினது நீங்கள் செய்த கதை. ரெண்டும் நல்லாயிருக்கு’ என்று பெயர் வைத்துப் பிரித்துக் காட்டுங்கள். கொஞ்ச நாளில் ‘இது செய்த கதை அம்மா’ என்று அவளே சொல்லிவிட்டுத் தொடங்குவாள். ஒரே கற்பனை திரும்பத் திரும்ப வந்து, அதில் பயமோ அடியோ இருந்தால் மட்டும் கவனமாகக் கேளுங்கள்.

*

கட்டாரில் வேலை செய்கிறேன். மகனுக்கு ஆறு வயது. வீடியோ அழைப்பு எடுத்தால் ‘பள்ளிக்கூடம் எப்பிடி?’ என்பேன். ‘நல்லம்’ என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான். அரை நிமிடம்கூட நிற்பதில்லை.

— வாசகர், தோகா (சொந்த ஊர் தம்பலகாமம்)

உங்களுக்கும் ஊருக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். நீங்கள் வேலை முடிந்து 6 மணிக்கு எடுத்தால் ஊரில் இரவு 8.30. அது ஆறு வயதுப் பிள்ளை நித்திரைக்குப் போகும் நேரம். உங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் காலை 10.30க்கு ஊரில் பிற்பகல் 1 மணி. அன்று அவனுக்குப் பள்ளி நாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பான், நடந்ததெல்லாம் இன்னும் சூடாக இருக்கும். கிழமை முழுக்க அரை நிமிட அழைப்புகளைவிட அந்த ஒன்று பலன் தரும்.

அழைப்புக்கு முன் மனைவியிடம் ஒரு படம் மட்டும் கேளுங்கள்: இன்றைக்கு எழுதிய பக்கம், ஒட்டிய இலை, அழுக்கான சீருடை, எது என்றாலும் சரி. பிறகு ‘அந்த இலையைக் கொண்டு வாங்கோ, அப்பாவுக்குக் கிட்டக் காட்டுங்கோ’ என்று தொடங்குங்கள். இந்த வயதில் போனுக்கு முன்னால் இருந்து கதைப்பதைவிட ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவது இலகு. காட்டிக்கொண்டு கதைப்பான். நீங்களும் காட்டுங்கள்: உங்கள் சாப்பாட்டுப் பெட்டி, வேலைத்தலத்துக்குப் போகும் பஸ், கட்டில். ‘நான் பஸ்ஸில யன்னல் பக்கம் இருக்கிறனான். நீங்கள் வகுப்பில எந்தப் பக்கம்?’ என்று கேட்டால் அவனுக்குப் பதில் இருக்கும்.

ஓடினால் விடுங்கள். ‘அப்பாவோட கதை, ஓடாத’ என்று அம்மா பிடித்து இருத்தினால் உங்கள் அழைப்பே அவனுக்குத் தண்டனையாகிவிடும். கதைக்காத நாட்களில் வாட்ஸ்அப்பில் அரை நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள். அவன் விரும்பிய நேரம் கேட்டு, விரும்பிய நேரம் பதில் பதிவான். வெட்கமுள்ள பிள்ளைகளுக்கு இது நேர் அழைப்பைவிட வசதி. இன்னொன்று: அம்மா சொன்ன முறைப்பாட்டோடு அழைப்பைத் தொடங்காதீர்கள். ‘குழப்படியாம்’ என்ற சொல்லோடு தொடங்கிய அழைப்பில் பிள்ளை கதை சொல்லாது.

*

மகள் போகும் நேர்சரியில் முழுக்க ஆங்கிலம். வீட்டில் தமிழ். என்ன படித்தாய் என்றால் விழிக்கிறாள்.

— வாசகி, உப்புவெளி

அவளுடைய நாள் ஒரு மொழியில் நடக்கிறது, நீங்கள் இன்னொரு மொழியில் கேட்கிறீர்கள். சொல் கைவசம் இல்லாததால் விழிக்கிறாள். எந்தச் சொல் வருகிறதோ அதில் சொல்ல விடுங்கள், கலந்து சொன்னால் திருத்த வேண்டாம். அவள் ‘சேண்டில விளையாடினன்’ என்றால் ‘ஓ, மணலில விளையாடினனீங்களோ’ என்று உங்கள் பதிலில் தமிழ்ச் சொல்லை வையுங்கள். அது போதும். சொல்லே வராதபோது கையால் காட்டச் சொல்லுங்கள். பாட்டு என்றால் அபிநயத்தோடு கட்டாயம் வரும்.

*

பேரனுக்கு ஏழு வயது. தாய் வெளிநாடு, நான்தான் பார்க்கிறேன். முந்தநாள் குளிக்க வார்க்கும்போது ‘டீச்சர் அடிச்சவ அம்மம்மா’ என்றான். எனக்குக் கை கால் பதறிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு தரம் கையில் என்கிறான், ஒரு தரம் முதுகில் என்கிறான், பிறகு ‘எனக்கில்ல’ என்கிறான். எதை நம்புவது?

— வாசகி, மூதூர்

அவன் உங்களிடம் சொன்னான் என்பதைப் பெரிதாக எடுங்கள் அம்மா. பதற்றம் வருவது இயல்பு. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான் பதில் மாறியிருக்கக் கூடும். ஒரே கேள்வியை மூன்றாம் தரமும் கேட்டால், ‘முதல் சொன்னது பிழை போல, அதுதான் திரும்பக் கேக்கினம்’ என்று பிள்ளை நினைத்து வேறு பதில் சொல்லும். மாறி மாறிச் சொன்னதால் நடக்கவில்லை என்றும் ஆகாது, நடந்தது என்றும் ஆகாது. வேறு பிள்ளை அடி வாங்கியதைப் பார்த்துப் பயந்தும் சொல்லியிருக்கலாம். அதுவும் கவனிக்கவேண்டிய விடயமே.

இனி மற்றவர்களும் மாறி மாறிக் கேட்காமல் பாருங்கள். மாமா ஒரு தரம், அயலவர் ஒரு தரம், போனில் அம்மா ஒரு தரம் என்று வேண்டாம். நீங்கள் ஒருவர், ஆறுதலான நேரத்தில் ஒரு தரம் மட்டும் கேளுங்கள். ‘டீச்சர் தடியால அடிச்சவவா? முதுகிலயா?’ என்று பதிலைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். ‘டீச்சர் அடிச்சவ எண்டு சொன்னனீங்கள். நான் அங்க இல்லத்தானே, எனக்குத் தெரியாது. முதலில இருந்து சொல்லுங்கோ’ என்று விட்டுவிடுங்கள். நடுவில் ‘பிறகு?’ என்பதைத் தவிர வேறு சொல் வேண்டாம். ‘ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்’ என்று சத்தியம் பண்ணாதீர்கள், சொல்லத்தான் வேண்டிவரும். ‘நீங்கள் சொன்னது நல்லது, உங்களில பிழை இல்ல’ என்று முடியுங்கள்.

அவன் தூங்கிய பிறகு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: திகதி, நேரம், நீங்கள் என்ன கேட்டீர்கள், அவன் சொன்ன சொற்கள் அப்படியே. உடம்பில் தழும்பு, வீக்கம் இருந்தால் எந்த இடம், என்ன நிறம் என்றும் எழுதுங்கள். போன் இருந்தால் படம் எடுங்கள். தழும்பு இருந்தால் வைத்தியசாலையில் காட்டிப் பதியவும் வேண்டும்.

அடுத்து அந்த டீச்சரையே தனியாகச் சந்தியுங்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாசலில் சத்தம் போட்டால் அடுத்த நாள் வகுப்பில் தலை குனிந்து இருக்கப்போவது உங்கள் பேரன். ‘பிள்ளை வீட்டில இப்பிடிச் சொல்லுறான், அண்டைக்கு என்ன நடந்தது எண்டு உங்களிட்டக் கேக்க வந்தனான்’ என்றால் போதும். பதில் திருப்தியில்லை என்றால், அல்லது பிள்ளைக்குக் காயம் இருந்தால், நேரே அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும், பின்னர் வந்த 12/2016 இலக்கச் சுற்றறிக்கையும் சொல்கின்றன. ஆகவே நீங்கள் சலுகை கேட்டுப் போகவில்லை. அதற்கும் மேலே வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் கதைக்கலாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். பிள்ளை சொல்வது அடியைப் பற்றி இல்லாமல், யாரோ தொடக்கூடாத இடத்தில் தொட்டதைப் பற்றி என்றால் மேலே சொன்ன ஒழுங்கு பொருந்தாது. அந்த ஆளிடம் போய் விசாரிக்க வேண்டாம். பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடுத்திருந்த உடுப்பைக் கழுவாமல், உடனே அரசாங்க வைத்தியசாலைக்கோ பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்கோ கொண்டுபோங்கள். பல நாள் கழித்துச் சொன்னாலும் போகத்தான் வேண்டும்.

ஒரு சொல்லைப் பற்றியும் கவனம். நம்மூரில் ‘டீச்சர் பேசினவ’ என்றால் ஏசினா என்று அர்த்தம். வெளியூரிலிருந்து வந்த உத்தியோகத்தர் அதைச் சும்மா கதைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடும். முறைப்பாடு எழுதும்போது பிள்ளையின் சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் ‘ஏசினார்’ என்று விளக்கமும் எழுதுங்கள்.

*

வீட்டில் வாய் ஓயாமல் கதைக்கும் மகள் முன்பள்ளியில் ஒரு சொல்லும் கதைப்பதில்லையாம். சேர்ந்து நாலு மாதம். டீச்சர் ‘பிடிவாதம்’ என்கிறா. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் காட்டுகிறாளாம்.

— வாசகி, நிலாவெளி

பிடிவாதமாக இருக்க வாய்ப்புக் குறைவு. புதிய இடத்தில் முதல் மாதம் வாய் திறக்காத பிள்ளைகள் பலர், அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அச்சத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும் ஒரு நிலை அது என்று மருத்துவத்தில் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை கதைக்க விரும்பும், முடியாமல் போகும். ஆகவே ‘வணக்கம் சொல்லு, சொன்னால்தான் உள்ளே விடுவன்’ என்பது நிலைமையை மோசமாக்கும். தப்பித்தவறி ஒரு சொல் சொன்னதும் வகுப்பே கைதட்டுவதும் அப்படித்தான். எல்லாக் கண்ணும் தன்மேல் விழுந்தால் அடுத்த சொல் வராது.

முதலில் காதைச் சோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கினால், அமைதியான வீட்டில் கேட்கும், இரைச்சலான வகுப்பில் கேட்காது. அது சரியென்றால் டீச்சரோடு சேர்ந்து படிப்படியாகப் போங்கள். மணி அடிக்க 15 நிமிடம் முன்னே போய், வெறும் வகுப்பில் நீங்களும் மகளும் மட்டும் இருந்து ஒரு விளையாட்டு விளையாடுங்கள். வீட்டில் கதைக்கும் சத்தத்தில் அவள் அங்கே கதைத்தால் முதல் படி முடிந்தது. பிறகு டீச்சர் கதவடியில், பார்க்காமல், தன் வேலையைச் செய்துகொண்டு நிற்கட்டும். அதற்குப் பிறகு மேசையடிக்கு. பிறகு விளையாட்டில் சேர்ந்து, கேள்வி கேட்காமல். கடைசியாகத்தான் ‘சிவப்பா, நீலமா?’ என்ற மாதிரி ஒரு சொல்லில் முடியும் கேள்வி. ஒரு படியில் அவள் குரல் நின்றுபோனால் முந்திய படிக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு படிக்கும் பல நாட்கள் எடுக்கும், அவசரப்படுத்துவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் பிழை.

நாலு மாதம் ஆகிவிட்டதால் காத்திராமல் உதவியும் தேடுங்கள். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொன்னால், எந்த வைத்தியசாலையில் எந்தக் கிளினிக்குக்குப் போகவேண்டும் என்று வழி காட்டுவார்.

*

எனக்கு அலுவலகம். மகன் வேனில் வந்து அப்பப்பாவோடு இருப்பான். நான் அவனைக் காண மாலை ஆகிவிடும். அதற்குள் எல்லாம் மறந்துவிடுகிறான். தரம் 2. தம்பிக்கு இரண்டு வயது.

— வாசகி, பாலையூற்று

மறக்கவில்லை, கொழுவி இழுக்க ஏதும் இல்லை. அவன் கையில் வகுப்பையே கொடுத்துப் பாருங்கள்.

ஞாயிறு மாலை கடற்கரைக்குப் போகும்போது கரையில் ஒதுங்கிய வெறும் சிப்பிகளை இருபது, இருபத்தைந்து பொறுக்கி வாருங்கள். கழுவி வெயிலில் காயவைத்து ஒரு தகரப் பேணியில் போடுங்கள். சின்னவன் வாயில் வைப்பான் என்பதால் அவன் வாய்க்குள் போகாத அளவானவையாகத் தெரியுங்கள், சோகி போன்ற சின்னது வேண்டாம். விளையாடும் நேரம் சின்னவன் தூங்கிய பிறகு.

பாயை விரித்து முதலில் அறையைக் கட்டுங்கள்: அடிமட்டம் கரும்பலகை, நெருப்புப்பெட்டி டீச்சரின் மேசை, கதவு எந்தப் பக்கம் என்று அவன் காட்டட்டும். பிறகு பேணியை அவனிடம் கொடுத்து, ‘நீங்கள் எந்தச் சிப்பி?’ என்று கேளுங்கள். அவனே தெரிந்து, தன் இடத்தில் வைப்பான். ‘பக்கத்தில ஆர்?’ என்று ஒருமுறை கேட்டால் போதும், மற்ற இடங்கள் தாமாக நிரம்பும். எந்த வரிசையை மளமளவென்று வைக்கிறான், எந்த இடத்தில் கை தயங்குகிறது, எந்தப் பிள்ளைக்கு உடைந்த சிப்பியைத் தெரிகிறான் என்று பாருங்கள். பார்ப்பதோடு சரி, அதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம்.

எல்லாம் வைத்த பிறகு, ‘டிங் டிங், இடைவேளை’ என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சிப்பிகள் அசையத் தொடங்கும். நாலு சேர்ந்து பாயின் மூலைக்கு ஓடும், இரண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போகும். அவனுடைய சிப்பி எங்கே போகிறது என்பதுதான் நீங்கள் இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியின் பதில். அது தனியே நின்றால் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லாதீர்கள். ‘இவர் இங்க நிக்கிறார்’ என்று மட்டும் சொல்லிப் பொறுங்கள். சில நேரம் ‘இவருக்கு இங்கதான் விருப்பம், எறும்பு பாக்கிறவர்’ என்பான். சில நேரம் ‘அவங்கள் சேக்கிறாங்களில்ல’ என்பான். முதலாவதுக்கு நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இரண்டாவது ஒரு தரம் வந்தால் கேட்டு வையுங்கள். இரண்டு கிழமை தொடர்ந்து வந்தால் வகுப்பாசிரியையிடம் இடைவேளையில் கவனிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சிப்பியைத் தொட்டு நகர்த்தினால் அது உங்கள் கதையாகிவிடும். ஒவ்வொரு நாளும் விரித்தால் சோதனை மாதிரி ஆகிவிடும், கிழமைக்கு இரண்டு தரம் போதும். பத்து நிமிடத்தில் அவனே சிப்பிகளைச் சண்டை பிடிக்க விடுவான், அல்லது கப்பலாக்குவான். அதோடு அன்றைக்குப் போதும் என்று அர்த்தம். டீச்சர் சிப்பியையும் அவனுடைய சிப்பியையும் மற்றவற்றோடு கலக்காமல் பேணியின் மேலே வையுங்கள், அடுத்த முறை தேட வேண்டியிராது.